தெருப் பூங்காவைச் சங்கமே எடுத்துக்கொள்ளலாமா, மாநகராட்சியிடமே விடலாமா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கிளம்புகிறது. பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து மாதக்கணக்காகிறது. நடைபாதையில் பேவர் பிளாக் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடவில்லை, இருட்டினால் விளக்கும் இல்லை. குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "வீட்டுக்கு மாசம் நூறு ரூபாய் போட்டா நாமளே பார்த்துக்கலாமே" என்கிறார். இன்னொருவர், தன் கம்பெனியில் சிஎஸ்ஆர் (சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணம் இருக்கிறது, பேசிப் பார்க்கிறேன் என்கிறார். மூன்றாமவருக்குக் கோபம்: "வரி கட்டறோம்ல, மாநகராட்சி செய்யட்டும்." டீ வருகிறது, கூட்டம் கலைகிறது, ஊஞ்சல் அப்படியே தொங்குகிறது.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எது உங்கள் தெருவுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டு நகரங்களில் நடைமுறையில் இருக்கும் நான்கு வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்: உள்ளாட்சியே பராமரிப்பது, குடியிருப்போர் சங்கம் ஏற்பது, கம்பெனி தத்தெடுப்பது, தன்னார்வ அமைப்பிடம் கொடுப்பது. ஏரிக்கரைக்கோ பக்கத்துத் தெருவுக்கோ போகும் நடைபாதைகளின் கதை கொஞ்சம் வேறு. அதைத் தனியாகக் கடைசியில் சொல்கிறேன்.

## முதலில், நிலம் யார் பெயரில் இருக்கிறது?

இதைப் பார்க்காமல் மற்ற எதைப் பேசினாலும் வீண்.

மனைப்பிரிவு போடும்போது பொது உபயோகத்துக்கு ஒதுக்கும் திறந்தவெளியைத்தான் எல்லாரும் 'ஓஎஸ்ஆர்' என்கிறோம். இப்போது நடப்பில் இருக்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) உள்ள மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தை நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலம் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். உங்கள் பேட்டையில் பூங்காவே இல்லாததற்குப் பின்னால் அந்த 'அல்லது' இருக்கவும் வாய்ப்பு உண்டு.

விதி இப்படி இருக்க, நடப்பில் மூன்று இடத்தில் நூல் அறுகிறது. அங்கீகரித்த வரைபடத்தில் பூங்கா இருக்கும், ஆனால் தானப் பத்திரம் பதிவாகியிருக்காது. பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா இன்னும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பட்டாவும் மாறியிருக்கும், ஆனால் தரையில் அளந்து வேலி போடாததால் ஓரத்து வீட்டுக்காரரின் கார் ஷெட் நாலடி உள்ளே வந்திருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து. பட்டா கையில் இருக்கும் ஆள், அல்லது அவருடைய வாரிசு, பூங்காவை மனையாக்கி விற்றுவிட்டுப் போவது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. வாங்கியவர் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் தெருவுக்கே விஷயம் தெரியும்.

ஆகவே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ (சிஎம்டிஏ) நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டிடிசிபி) அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபட நகல் ஒன்று வாங்குங்கள். அதில் பூங்காவின் சர்வே எண்ணைப் பார்த்து வில்லங்கச் சான்று போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் வரும். பிறகு அதே எண்ணுக்குப் பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகலை எடுங்கள். கிடைக்காத காகிதத்தை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நிலம் உள்ளாட்சி பெயரில் இல்லையென்றால், இந்த வருட வசூல் முழுவதையும் அதைச் சரிசெய்யவே செலவழியுங்கள். அடுத்தவர் பட்டாவில் ஊஞ்சல் வாங்கிப் போடுவது வாடகை வீட்டுக்கு மார்பிள் பதிப்பது போலத்தான்.

நிலம் உள்ளாட்சி பெயரில்தான் இருக்கிறதா? நல்லது. அது பூங்காவாகவே நீடிக்கச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1959-லேயே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அக்கம்பக்கத்தார் எதிர்த்து வழக்கு நடத்தினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நிலம் தன் பெயரில் இல்லாவிட்டாலும் குடியிருப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதற்கு இன்றுவரை அந்தத் தீர்ப்பைத்தான் நீட்டுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

வெளியாள் உள்ளே வரலாமா? சந்தா கட்டாதவர், பக்கத்துத் தெருக்காரர், வீட்டு வேலைக்கு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், எல்லாரும் இதில் சேர்த்தி. நான் மற்ற நான்கையும் சேர்த்து எவ்வளவு மதிப்பெண் தருவேனோ அவ்வளவை இதற்கே தருவேன்.

தினசரி வேலையை யார் செய்வார்? கூட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, பூட்டு திறப்பது.

மூன்றாம் வருடம் பணம் எங்கிருந்து வரும்? முதல் வருடத்துக்கு எல்லாரிடமும் பணம் இருக்கும்.

குழந்தை சறுக்கில் விழுந்து கை உடைந்தால் யார் பொறுப்பு?

ஏற்றவர் விலகினால் என்ன மிஞ்சும்?

## வழி 1: உள்ளாட்சியே பராமரிப்பது

மாநகராட்சி நேரடியாக ஆள் போட்டுப் பராமரிப்பது குறைந்துவிட்டது. பல பூங்காக்களைச் சேர்த்து ஒப்பந்தம் விடுவதுதான் இப்போது வழக்கம். ஒப்பந்ததாரர் ஆள் போடுவார், உதவிப் பொறியாளர் மேற்பார்வை பார்ப்பார், பில் பாஸாகும்.

இதன் பெரிய பலம், கேட்டில் நின்று "நீ யார்?" என்று யாரும் கேட்பதில்லை. தி.நகர் பனகல் பூங்காவில் கல்லூரிப் பிள்ளைகளும், கடைக்கு வந்து களைத்துப் போன குடும்பங்களும், போகிற வழியில் கண்ணயரும் பெரியவர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியது மாநகராட்சிப் பூங்கா என்பதால்தான். விபத்து நடந்தாலும் மனு கொடுக்க ஒரு அலுவலகம் இருக்கிறது.

பலவீனம் உங்களுக்கே தெரியும். மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். சென்னை என்றால் மாநகராட்சியின் புகார் தொலைபேசி 1913-க்கு அடிப்பீர்கள், புகார் எண் வரும், "சரிசெய்யப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும், போய்ப் பார்த்தால் எதுவும் நடந்திருக்காது.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. உங்கள் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்த நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். எத்தனை பணியாளர், எந்த நேரம், புல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், விளையாட்டுச் சாமான் பழுது யார் கணக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். "பூங்கா மோசமா இருக்கு சார்" என்ற புகாருக்கு அலுவலகத்தில் சிரிப்புதான் பதில். "ஒப்பந்தத்தில் இரண்டு பேர், வருவது ஒருவர், இதோ தேதிவாரியாகப் படம்" என்றால் ஒப்பந்ததாரரின் பில்லே நிற்கும். அந்த வித்தியாசம் பொறியாளருக்கும் தெரியும், ஒப்பந்ததாரருக்கும் தெரியும். நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-ல் நடைமுறைக்கு வந்தன. கவுன்சிலர் தலைமையில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் இதைப் பதிவு செய்தால் இன்னும் கனம். கிராம ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கவே இருக்கிறது.

மதிய நேரப் பூட்டு ஒன்றுதான் இந்த வழியிலும் தீராத தொல்லை. காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்காரர்களுக்குத் திறந்துவிட்டு, நடுப்பகலில் பூட்டிவிடுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வெயிலில் நிழல் தேடுகிறவருக்கு அந்த நேரம்தானே வேண்டும்?

எப்போது இது சரி: பூங்கா பெரியது, பேருந்து நிறுத்தம் அல்லது சந்தை பக்கத்தில் இருக்கிறது, பல தரப்பு மக்கள் வருகிறார்கள், அல்லது உங்கள் சங்கத்தில் கூட்டத்துக்கு வருவதே ஆறு பேர்தான்.

## வழி 2: குடியிருப்போர் சங்கம் ஏற்பது

நன்றாக நடக்கும் சங்கப் பூங்காவுக்கு இணை எதுவும் இல்லை. இதை மனசார ஒப்புக்கொள்ள வேண்டும். குழாயில் வாஷர் போனால் அன்று மாலையே மாறும். எந்தச் செடிக்கு எந்த மூலையில் வெயில் படும் என்று தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். இலைச் சருகைக் கொளுத்தாமல் குழியில் போட்டு உரமாக்குவார்கள்.

ஆனால் மாதம் நூறு ரூபாய் கணக்கு எங்கும் நின்றதில்லை. நூறு வீடு இருந்தால் நூறு வீடும் தரும் என்று போட்ட கணக்கு அது. பூட்டிய வீடு, வாடகை வீடு, "எங்களுக்குப் பூங்கா தேவையில்லை" வீடு எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். செலவில் முதல் இடம் காவலர் சம்பளம். இரண்டு ஷிஃப்ட் என்றால் வசூலில் பாதியை அதுவே விழுங்கும். அப்புறம் தோட்டக்காரர், மோட்டார் ரீவைண்டிங், மின் கட்டணம். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும் என்பதை முதலிலேயே கேளுங்கள். மாநகராட்சி பெயரில் இருக்கும் இணைப்பைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொண்டால், பின்னால் அதைத் திருப்பிக் கொடுப்பது லேசான வேலை இல்லை. சங்கம் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவானது என்றால் வருடா வருடம் கணக்கும் பொதுக்குழுவும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். உள்ளாட்சி ஒப்பந்தம் போடும்போது முதலில் கேட்கும் காகிதம் அதுதான், பல சங்கங்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

இன்னொரு செலவு ரூபாயில் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பூங்காவில் நான் பார்த்தது: வீட்டு வேலை முடித்து இரண்டு பெண்கள் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செயலாளர் வந்தார்.

"என்னம்மா, இங்க சாப்பிடக் கூடாது. இது அசோசியேஷன் பார்க்கு."

"பத்து நிமிசம்தான் சார், சாப்பிட்டு எந்திரிச்சிடுறோம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

எழுந்து போய்ச் சுவருக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செயலாளர் கெட்டவர் இல்லை. ஒரு காலத்தில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தை ஓடி ஓடிப் பூங்காவாக்கியவர் அவர். உழைத்தவருக்குச் சொந்தம் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. அடுத்து கேட்டில் பலகை தொங்கும், 'குடியிருப்போருக்கு மட்டும்'. அப்புறம் பைக் வராமல் இருக்க இரும்புக் குழாயை வளைத்து ஒரு நெளிவழி வைப்பார்கள். பைக் வராது, சரி. சக்கர நாற்காலியும் வராது, குழந்தைத் தள்ளுவண்டியும் வராது.

சட்டப்படி அந்தப் பலகைக்கு மதிப்பில்லை. தானமாகக் கொடுத்த நிலம் உள்ளாட்சியின் பொது நிலம், பராமரிப்பவருக்கு அதில் யாரையும் விலக்கும் அதிகாரம் கிடையாது. அடுக்குமாடி வளாகங்களுக்கும் இதேதான். ஓஎஸ்ஆர் நிலத்தைத் தானமாகத் தரச் சொல்லும் விதியே செல்லாது என்று சென்னையில் கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 பிப்ரவரியில் விதி செல்லும் என்று முடிந்தது. வளாகச் சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஓஎஸ்ஆர் பூங்கா உங்கள் ஊரில் இருந்தால் அது யாருடையது என்று கேட்க இது போதும்.

எப்போது இது சரி: பூங்கா சின்னது, உட்தெருவில் இருக்கிறது, பொறுப்பேற்க இரண்டு பேர் போதாமல் ஏழெட்டுப் பேராவது இருக்கிறார்கள், கேட் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று பொதுக்குழுவிலேயே தீர்மானம் போடத் தயாராக இருக்கிறார்கள். கடைசி நிபந்தனைக்குக் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

## வழி 3: கம்பெனி தத்தெடுப்பது

2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பூங்காவுக்கு வரும் சிஎஸ்ஆர் பணம் இதுதான்.

சங்கங்களுக்குப் பெரும்பாலும் தெரியாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கம்பெனி தானே செய்யாமல் வெளி அமைப்பு மூலம் செய்தால், அந்த அமைப்பு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் வைத்திருக்க வேண்டும். சாதாரணக் குடியிருப்போர் சங்கத்திடம் இவை இருக்காது. எனவே நடுவில் ஒரு அறக்கட்டளை வரும், நிர்வாகச் செலவு எடுக்கும். இரண்டு, ஒரு தொடர் திட்டத்தைத் தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுக்குமேல் நீட்ட விதி இடம் தராது. அதாவது நாலாவது ஐந்தாவது வருடம் பணம் நிற்கும் என்று தெரிந்தேதான் இதில் இறங்க வேண்டும்.

கம்பெனிக்குத் திறப்பு விழாவும் படமும் தேவை. அதனால் பணம் போகும் இடம் நீரூற்று, எல்இடி வண்ணத்துப்பூச்சி, 'ஐ லவ்' என்று தொடங்கும் பெரிய எழுத்துகள். சாக்கடை அடைப்பை எடுக்க எந்தக் கம்பெனியும் ரிப்பன் வெட்டி நான் பார்த்ததில்லை. நீரூற்று ஆறே மாதத்தில் கொசு வளர்க்கும் தொட்டியாகும், அதைச் சுத்தம் செய்வது யார் கணக்கிலும் இருக்காது.

அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒருமுறை செலவில் முடிந்து, பிறகு அதிகம் தின்னாத வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்: சுற்றுச்சுவர், கழிப்பறைக் கட்டடம், சாய்தளம், மழைநீர் வடிகால், கனமான கல் பெஞ்ச். சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதை வரைபடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இடம் இல்லை என்று நாலடியில் செங்குத்தாகப் போட்டுவிட்டுப் போவார்கள், அதில் சக்கர நாற்காலி ஏறாது.

கட்டுவதைவிடக் கட்டியபின் காப்பதே பெரிய கணக்கு. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போவதற்கான மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்தது. அரசு அமைப்பு என்பதால் மறுபடி செலவழித்துச் சீர்செய்தார்கள். அப்படியொரு பாதை உங்கள் சங்கத்தின் தலையில் இருந்திருந்தால்?

எப்போது இது சரி: அன்றாடப் பராமரிப்புக்கு வேறு ஆள் உறுதியாக இருக்கும்போது, ஒருமுறைக் கட்டுமானத்துக்கு மட்டும்.

இதே வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. நகர்ப்புறத்தில் 2021-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும், பூங்கா, நடைபாதை இரண்டுமே இதில் வரும். பெயர்ப்பலகை வைக்க யாரும் கேட்காததால் எனக்கு சிஎஸ்ஆரைவிட இதன் மேல்தான் பிரியம். டெண்டர், மதிப்பீடு, ஒப்புதல் என்று நாளாகும் என்பது உண்மை.

## வழி 4: தன்னார்வ அமைப்பிடம் கொடுப்பது

சென்னை கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த நிலம் இன்று மரப் பூங்கா. 'நிழல்' அமைப்பு தன்னார்வலர்களை வைத்து வருடக்கணக்கில் செய்த வேலை அது. நம் மண்ணின் மரங்களைத் தேர்ந்து நட்டு, அவற்றைக் கவனிக்கும் ஆட்களையும் கூடவே வளர்த்தார்கள். கோவையிலும் 2013-ல் பெரியகுளத்தில் பொதுமக்கள் கூடி இறங்கித் தூர்வாரியது நினைவிருக்கலாம். சிமென்ட் போடாமல் ஒரு இடத்தை மீட்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இயற்கை ஆர்வலருக்கு மரம் முதலில், மனிதன் பிறகு. அது தவறில்லை, ஆனால் உங்கள் தெருவுக்குத் தேவை பிள்ளைகள் ஓட ஒரு மைதானம் என்றால் பொருந்தாது. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு செடி என்று நெருக்கி நடும் மியாவாக்கி முறையில் பச்சை சீக்கிரம் வரும், அதற்குள் யாரும் நடக்க முடியாது. சின்னப் பூங்காவின் பாதியை அதற்குக் கொடுத்தால் மீதிப் பாதியில் கிரிக்கெட்டும் நடைப்பயிற்சியும் சண்டை போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து பார்வை படாத அடர்ந்த மூலை உருவானால் பெண்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிடுவார்கள்.

பெரிய அளவில் இதே சிக்கலுக்குச் சென்னையின் அடையாறு பூங்கா உதாரணம். 58 ஏக்கர், 2011-ல் திறந்தது. முகத்துவாரத்தை மீட்ட அருமையான வேலை. ஆனால் நகரத்தின் நடுவில் இருந்தும் பல ஆண்டுகள் நினைத்த நேரத்தில் போய் உட்காரும் இடமாக அது இருக்கவில்லை. பறவைகளுக்காக எடுத்த முடிவு என்றால் அதில் நியாயம் உண்டு. உங்கள் தெரு முனையில் கால் ஏக்கருக்கு அந்த நியாயம் செல்லாது.

எப்போது இது சரி: ஆற்றங்கரை, ஏரிக்கரை, குப்பைமேடான புறம்போக்கு, சீமைக் கருவேலம் மண்டிய நிலம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | உள்ளாட்சி | சங்கம் | கம்பெனி | தன்னார்வ அமைப்பு |
|---|---|---|---|---|
| வெளியாள் வரலாமா | தடையில்லை. மதியப் பூட்டுதான் தொல்லை | எழுதி வைக்காவிட்டால் மெல்ல அடைபடும் | வரலாம் | வரலாம். உள்ளே நடக்க இடம் குறையலாம் |
| தினசரி வேலை | ஒப்பந்ததாரரைப் பொறுத்தது | நன்றாக நடக்கும் | வேறு ஆள் வேண்டும் | ஞாயிறு மட்டும் நடக்க வாய்ப்பு அதிகம் |
| மூன்றாம் வருடப் பணம் | உண்டு, போதாது | வசூல் குறையும் | முடிவுக்கு வரும் நேரம் | நன்கொடையைப் பொறுத்தது |
| விபத்துப் பொறுப்பு | தெளிவு | எழுதாவிட்டால் குழப்பம் | உள்ளாட்சிக்கே திரும்பும் | எழுதாவிட்டால் குழப்பம் |
| விலகினால் மிஞ்சுவது | பழைய நிலை | கோபமும் மின் கட்டணமும் | நீரூற்று | மரங்கள் |

## பாதைக்குக் கணக்கு வேறு

பாதையைத் தத்தெடுக்க யாரும் வருவதில்லை. பலகை மாட்ட இடம் இல்லையே! ஆனால் காணாமல் போவதில் பூங்காவைவிடப் பாதைதான் வேகம். நகரம் விழுங்கிய பழைய கிராமத்தின் வண்டிப்பாதையும், ஏரிக்கு மாடு ஓட்டிப்போன தடமும் புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவை வரைபடத்தில்) இன்னும் கோடாக இருக்கும், தரையில் யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் நிற்கும்.

இங்கே தேர்வு மூன்று வழிகளுக்கு இடையில்.

வருவாய்த் துறை வழி. 'அ' பதிவேட்டிலோ (கிராமத்தின் நிலப் பதிவேடு) புலப்படத்திலோ பாதை புறம்போக்கு என்று இருந்தால் வட்டாட்சியரிடம் அளவை கேட்டு மனு கொடுங்கள். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் விட்டு அகற்றும் அதிகாரம் அங்கே இருக்கிறது. வழக்கறிஞர் செலவு இல்லை, பொறுமைச் செலவு உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்கும் பாதைக்கு இதுவே முதல் வழி.

சிவில் நீதிமன்றம். பதிவேட்டில் இல்லாமல் தனியார் நிலம் வழியே நடந்து பழகிய பாதை என்றால் இதுதான் கதி. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு இடைவிடாமல், மறைவில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. இது வழக்குப் போடுபவரின் நிலத்தோடு ஒட்டிய உரிமை, ஊருக்கே பொதுப்பாதை வேண்டும் என்றால் வாதம் வேறு மாதிரி போகும். வழக்கு வருடக்கணக்கில் ஓடும், அதுவரை சுவர் நிற்கும்.

பேசித் தீர்ப்பது. கேட் போட்டவர்கள் பெரும்பாலும் திருட்டுப் பயத்தில்தான் போட்டிருப்பார்கள். இரவில் பூட்டிப் பகலில் திறக்க ஒப்புக்கொண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது போதும். ஆனால் பொதுப்பாதையில் கேட் இருப்பதையே நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால், தற்காலிக ஏற்பாடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைப் பாதைக்கு ஒரு கூடுதல் கேள்வி: ஏரி யாருடையது? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) இருந்த ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருப்பது பொது வழக்கம். ஊர் நகரமானபின் கைமாறியிருக்கவும் கூடும். மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிக் கரையில் பெஞ்ச் போட்டுவிட்டு, நீர்வளத் துறையிடம் நோட்டீஸ் வாங்குவது ரொம்பச் சாதாரணம். கரையில் பேவர் பிளாக்கும் வேண்டாம். மண்ணும் சரளையுமாக இருந்தால் தண்ணீர் இறங்கும், முழங்காலுக்கும் நல்லது, வேர் தூக்கினாலும் ஒரு கூடை மண்ணில் சரியாகிவிடும்.

## என் முடிவு

ஓடிக்கொண்டிருக்கும் பூங்கா என்றால் அன்றாடப் பராமரிப்பை உள்ளாட்சியிடமே விடுங்கள், ஒப்பந்த நகலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்கு 'நமக்கு நாமே', அது கிடைக்காவிட்டால் சிஎஸ்ஆர். சங்கத்தின் ஆட்பலத்தைப் பூட்டு, துடைப்பத்தில் செலவழிக்காமல் கண்காணிப்பில் செலவழித்தால் குறைந்த காசில் அதிகம் நடக்கும். சின்ன உட்தெருப் பூங்காவுக்கு மட்டும் சங்கம் என்ற வழியை நான் சொல்வேன்.

அப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், உள்ளாட்சியோடு போடும் ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். திறக்கும் நேரமும் 'அனைவருக்கும் அனுமதி' என்ற வாசகமும் கேட்டில் உள்ளாட்சியின் பெயரிலேயே பலகையாக இருக்க வேண்டும். மதியம் பூட்டக் கூடாது. மின் இணைப்பு உள்ளாட்சி பெயரிலேயே தொடர வேண்டும். விளையாட்டுச் சாமான் பழுதும் விபத்துப் பொறுப்பும் யாருடையது என்று தனி வரியில் இருக்க வேண்டும். ஒரு கதவாவது சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில், நெளிவழி இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டாவது சாவி வார்டு அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் 11 மாதம், புதுப்பிக்கும் முன் பகுதி சபையில் வரவு செலவைப் படிக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர்களும் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள், கேட்டில் யாராவது தடுத்திருந்தால் அங்கே சொல்லிவிடுவார்கள்.